புயல்களின் கோள் (1962): ரஷ்ய மூலத்தைப் பார்ப்பதா, அமெரிக்க வெட்டலைப் பார்ப்பதா?

பழையரீல்:

"சோவியத் விண்வெளிப் படம் என்றால் சோலாரிஸ், அதோடு கதை முடிந்தது" என்று பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அங்கே போய் மல்லுக்கு நிற்க விருப்பமில்லை, தனி இழையாகவே தொடங்குகிறேன். தார்க்கோவ்ஸ்கி இயக்கிய அந்த சோலாரிஸ் வந்தது 1972-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே லெனின்கிராட்டில் ஒரு மனிதர் வெள்ளிக் கோளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். படத்தின் பெயர் 'புயல்களின் கோள்', ரஷ்ய மொழியில் 'பிளனேதா பூர்'. இயக்கியவர் பாவெல் குளுஷான்ட்செவ். கதை அலெக்சாண்டர் கசான்ட்செவுடையது. திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

கதை தெரியாதவர்களுக்காக: சிரியஸ், வேகா, கபெல்லா என்று மூன்று கப்பல்கள் வெள்ளியை நெருங்குகின்றன. படம் தொடங்கிய கையோடு கபெல்லா விண்கல் மோதிச் சிதறுகிறது. மாற்றுக் கப்பல் வரும்வரை பொறுங்கள் என்கிறது பூமி. அது வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். இவர்களுக்குப் பொறுமை இல்லை. மிச்சமிருக்கும் இரண்டு கப்பலை வைத்தே இறங்கிவிடுவோம் என்று திட்டத்தை மாற்றுகிறார்கள். வேகா மேலே சுற்றிக்கொண்டிருக்கும், அதில் மாஷா என்ற பெண் மட்டும். அதிலிருந்து சிறு கலம் ஒன்றில் கெர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஷெர்பா, கெர்ன் உருவாக்கிய ஜான் என்ற ரோபோ மூவரும் இறங்குகிறார்கள். தொடர்பு அறுந்துபோகிறது. அவர்களைத் தேடி சிரியஸில் இருக்கும் மூவரும் இறங்குகிறார்கள்.

என் கட்சி இதுதான்: படத்தின் உயிர் மாஷாவிடம் இருக்கிறது. டைனோசரும் ரோபோவும் சுவரொட்டிக்கு. கீழே ஐந்து பேர், அதில் இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. மேலே இவள் கையில் ஒரு முழுக் கப்பல். இறங்கிப் போய் உதவலாம். ஆனால் வேகா தரையைத் தொட்டால் திரும்ப ஏறாது, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். இந்தக் கணக்கை அவள் தனியாக, எடையில்லாமல் மிதந்தபடி போட்டுப் பார்க்கிறாள், அழுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அப்போதைய கலாச்சார அமைச்சர் யெகத்தெரீனா ஃபூர்த்செவாவுக்கு இது பிடிக்கவில்லை. சோவியத் பெண் விண்வெளியில் அழமாட்டாள் என்பது அம்மையாரின் வாதம். இதைச் சொல்லியிருப்பவர் குளுஷான்ட்செவே.

இணையத்தில் தேடினால் இந்தப் படத்தை வெட்டி ஒட்டிய இரண்டு ஆங்கிலப் படங்கள்தான் முதலில் வந்து நிற்கும். இரண்டிலும் மாஷா இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதுதான் இந்த இழையின் நோக்கம்.

நெல்லைத்தம்பி:

அண்ணே, ரஷ்ய மூலத்தையே பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், கோபிக்காதீர்கள். இறங்கின கையோடு ஒரு செடி கிளைகளை நீட்டிக் குழுவிலிருக்கும் இளைஞனைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பல்லிமாதிரி ஏதோ ஒன்று தத்தித் தத்திக் குதித்து வருகிறது. உள்ளே ஆள் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில்கூட இதைவிட நன்றாகத் தைப்பார்கள். ககாரின் 1961-ல் சுற்றிவிட்டு வந்தாயிற்று, அதற்கு அடுத்த வருடம் ஒரு நாடு வெள்ளியில் டைனோசர் இருக்கிறது என்று படம் எடுக்கிறதென்றால் என்ன சொல்ல?

கருந்துளை:

தம்பி, உடைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் வெள்ளியில் டைனோசர் என்பது அன்றைக்கு அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை.

வெள்ளியை எப்போதும் அடர்ந்த மேகம் மூடியிருக்கும். தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் வெள்ளைப் பந்து. மேகம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் சதுப்பு, சதுப்பு என்றால் காடு என்று ஒரு சங்கிலி போட்டார்கள். ஸ்வீடனின் அர்ரேனியஸ், நோபல் வாங்கிய வேதியியலாளர், 1918-லேயே வெள்ளி முழுக்க ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும் என்று எழுதினார். இன்னொரு பழைய எண்ணமும் உண்டு. சூரியனுக்கு வெளியே போகப் போகக் கோள்களுக்கு வயது கூடுதல், செவ்வாய் கிழடு, பூமி நடுத்தரம், வெள்ளி இளசு என்பார்கள். இளசு என்றால் பூமியின் டைனோசர் காலம் அங்கே இப்போது நடக்க வேண்டும். கசான்ட்செவ் பிடித்தது இந்த நூலைத்தான்.

சந்தேகம் இல்லாமலும் இல்லை. 1956-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வெள்ளியிலிருந்து வரும் நுண்ணலையை அளந்தபோது வெப்பம் 300 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் காட்டியது. அது தரையின் வெப்பமா, மேலே காற்று மண்டலத்தில் நடக்கும் வேறேதோ கூத்தா என்று சில வருடம் சண்டை ஓடியது. 1962 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஆளில்லாக் கலமான மரைனர்-2 வெள்ளியை ஒட்டிப் பறந்து சூடு தரையிலிருந்துதான் என்று ஏறக்குறைய முடித்துவைத்தது. படம் திரைக்கு வந்தது அதே வருடம் ஏப்ரலில். எட்டு மாதம்தான் பாவம், அந்தச் சதுப்புக்காட்டுக்கு ஆயுள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. 1967-ல் வெள்ளிக்குப் போன சோவியத் ஆளில்லாக் கலமான வெனேரா-4-ஐ வடிவமைத்தபோது, ஒருவேளை தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்து அதை மிதக்கும்படி செய்தார்கள். அதில் சர்க்கரையால் ஆன ஒரு பூட்டு இருந்தது. தண்ணீர் பட்டால் சர்க்கரை கரையும், பூட்டு விடும், ஆண்டெனா வெளியே வரும். படம் வந்து ஐந்து வருடம் ஆன பிறகும், மரைனர் பார்த்துவிட்டு வந்த பிறகும், பொறியாளர்கள் ஒரு கடலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். குளுஷான்ட்செவை மட்டும் கேலி செய்து என்ன பயன்?

நெல்லைத்தம்பி:

சர்க்கரைப் பூட்டு! இதற்காகவே இந்த இழைக்கு வந்தது வீண்போகவில்லை. அப்புறம் அந்த வெனேரா என்ன ஆனது?

கருந்துளை:

பாராசூட்டில் இறங்கிக்கொண்டே காற்றை அளந்து அனுப்பியது. பெரும்பங்கு கரியமில வாயு என்று முதலில் நேரடியாகச் சொன்னது அதுதான். தரையைத் தொடுவதற்கு முன்பே அழுத்தம் தாங்காமல் அடங்கிவிட்டது. தரையில் இறங்கி முதலில் பேசியது வெனேரா-7, 1970 டிசம்பரில். 1975-ல் வெனேரா-9 முதல் படம் அனுப்பியது. 1982-ல் வெனேரா-13 இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து வண்ணப் படமே அனுப்பியது. வெளியே 450 டிகிரிக்கு மேல். படத்தில் இவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கடலில் முக்குளிக்கிறார்கள்.

செல்லுலாய்டு_செல்வம்:

தந்திரக் காட்சிகள் பற்றி யாரும் பேசவில்லையே. அதில்தானே இவர் ராஜா.

குளுஷான்ட்செவ் கதைப்படக்காரர் இல்லை. அவர் இருந்தது லென்னவுச்ஃபில்ம், அதாவது லெனின்கிராட்டின் அறிவியல் படக்கூடம். 1957-ல் 'விண்மீன்களுக்குப் பாதை' என்று ஒரு படம் எடுத்தார். பாதி ரஷ்ய ராக்கெட் முன்னோடி த்சியல்கோவ்ஸ்கியின் வாழ்க்கை, பாதி நாளைக்கு நடக்கப்போகும் விண்வெளிப் பயணம். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் அந்த அக்டோபரில் மேலே போனதும் அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அதில் எடையின்மையை எடுத்த விதம் பாருங்கள். நடிகரைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்தால் கம்பி தெரியும். இவர் செட்டையே செங்குத்தாக நிமிர்த்திக் கட்டினார். நடிகரை மேலிருந்து கம்பியில் தொங்கவிட்டு, கேமராவைக் கீழே, அவர் காலடிக்கு நேராக, மேல்நோக்கி வைத்தார். நடிகரின் உடம்பே கம்பியை மறைத்துவிடும். திரையில் பார்ப்பவனுக்கு ஒரு ஆள் நீளமான அறைக்குள் கையைக் காலை விரித்து மிதந்து வருகிற மாதிரி இருக்கும். கையை மெல்ல அசைக்கச் சொன்னால் போதும், ஊஞ்சலாட்டம் வராது. கணினி இல்லை, அச்சில் ஒட்டுவேலை இல்லை. கேமரா எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே.

மாஷாவின் காட்சிகளைப் பழையரீல் பாராட்டுகிறாரே, அது நிற்பதற்குக் காரணம் குளுஷான்ட்செவ் ஐந்து வருடம் முன்பே கம்பியோடு பழகிவிட்டார் என்பதுதான். மிதப்பது செயற்கையாக இருந்தால் அழுகை சிரிப்பாகியிருக்கும்.

தமிழ்க்குப்ரிக்:

அதே தந்திரம்தானே குப்ரிக்கின் 1968 விண்வெளிப் படமான '2001'-லும்! டிஸ்கவரி கப்பலுக்கு வெளியே மிதக்கும் காட்சிகள், வளைய வடிவ விண்நிலையம் எல்லாம் 'விண்மீன்களுக்குப் பாதை'யில் பதினோரு வருடம் முன்பே வந்துவிட்டன. குப்ரிக் அடித்த காப்பி பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? (என் பெயரைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம், பழைய காதல்.)

செல்லுலாய்டு_செல்வம்:

கம்பித் தந்திரம் ஒன்றேதான், மறுக்கவில்லை. விண்நிலையத்துக்கு மட்டும் வேறு தகப்பன் உண்டு. சுழலும் சக்கரம் மாதிரி நிலையம் கட்டினால் உள்ளே எடை கிடைக்கும் என்று 1920-களின் இறுதியிலேயே போட்டோச்னிக் என்ற பொறியாளர் படம் வரைந்து புத்தகம் போட்டுவிட்டார். 1952-ல் ராக்கெட் பொறியாளர் வான் பிரவுன் அதை ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வண்ணத்தில் காட்டினார். லெனின்கிராட்டுக்காரரும் லண்டன் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த குப்ரிக்கும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்திருக்கலாம். காட்சிக்குக் காட்சி ஒற்றுமை இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் திருட்டுக் கேஸ் போட முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடிய கடன் ஒன்று உண்டு. ராபர்ட் ஸ்கோட்டாக் என்ற அமெரிக்கத் தந்திரக் காட்சிக் கலைஞர், 'ஏலியன்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், 1990-களில் ரஷ்யாவுக்கே போய்க் குளுஷான்ட்செவைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். அதற்குள் குளுஷான்ட்செவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. 1999-ல் இறந்தார்.

பி_கிரேடு_பித்தன்:

நான் எதிர்க்கட்சி. அந்த "வெட்டி ஒட்டிய" படங்களைப் பழையரீல் தீண்டத்தகாததுபோலப் பேசுகிறார். ரோஜர் கோர்மன் என்ற மலிவுப் படத் தயாரிப்பாளர் மட்டும் இல்லையென்றால் அமெரிக்காவில் யாருக்கும் இந்தக் காட்சிகள் கண்ணில் பட்டிருக்காது.

வரலாறு சொல்கிறேன், கேளுங்கள். 1965-ல் இயக்குநர் கர்ட்டிஸ் ஹாரிங்டனை வைத்து முதல் வெட்டல். ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்துப் பேர் வாங்கிய பேசில் ராத்போனை நிலவுத் தளத்தில் உட்காரவைத்து மைக்கில் பேசவிட்டார்கள். மாஷா இருந்த இடத்தில் ஃபெய்த் டொமெர்க். மற்றதெல்லாம் ரஷ்யப் படம், ஆங்கில டப்பிங். ரஷ்ய நடிகர்களுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டி டைட்டிலில் போட்டார்கள். ஹாரிங்டனே தன் பெயரைப் போடாமல் ஜான் செபாஸ்டியன் என்று ஒளிந்துகொண்டார். ராத்போன் போட்டிருந்த உடை, உட்கார்ந்த செட் எல்லாம் ஹாரிங்டனின் இன்னொரு படத்துக்கும் சேர்த்து. ஒரே கல்யாணச் சாப்பாட்டில் இரண்டு பந்தி!

1968-ல் இரண்டாவது வெட்டல், பீட்டர் போக்டனோவிச். பின்னால் பெரிய இயக்குநரானவர், அப்போது டெரெக் தாமஸ் என்ற பெயரில். கலிஃபோர்னியாக் கடற்கரையில் பொன்னிற முடிப் பெண்கள் சிலரைப் பாறையில் உட்காரவைத்தார். அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், மனசுக்குள்தான் பேசிக்கொள்வார்கள். படத்துக்கு விவரணைக் குரல் கொடுத்தவரும் போக்டனோவிச்தான். அந்தப் பெண்கள் பறக்கும் பல்லி ஒன்றைக் கும்பிடுகிறார்கள், ரஷ்யர்கள் அதைச் சுட்டுவிடுகிறார்கள். கடைசியில் எரிமலைக் குழம்பில் விழுந்த ஜான் ரோபோவை எடுத்து நிறுத்திப் புதுச் சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள். சொல்லுங்கள், இது எவ்வளவு பெரிய கற்பனை! மூலத்தில் அந்த ரோபோவுக்கு இப்படி ஒரு மறுபிறவி உண்டா?

பழையரீல்:

பித்தரே, சாமியாக்கியது எனக்கும் பிடிக்கும், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் ரோபோவை எடுத்தீர்கள், அதனால் மூலத்தில் அந்தக் காட்சி எப்படி இருக்கிறது என்று சொல்லியே தீரவேண்டும்.

எரிமலை வெடித்துவிட்டது. காய்ச்சலில் துவண்டுபோன கெர்னையும் ஷெர்பாவையும் தோளில் சுமந்துகொண்டு ஜான் குழம்புக்குள் நடக்கிறது. நடுவழியில் அதன் உடம்பு சூடாகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அமைப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. சுமையை இறக்கிவிட்டால் தான் பிழைக்கலாம் என்பது இயந்திரத்தின் கணக்கு. சுமை என்றால் இந்த இருவர். கெர்ன் பதறுகிறார். தான் பார்த்துப் பார்த்துக் கட்டியதன் மின்சுற்றைத் துண்டிக்க வேண்டியதாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சிரியஸ் ஆட்களின் பறக்கும் கார் வந்து இருவரையும் ஏற்றிக்கொள்கிறது. ஜான் சரிந்து குழம்புக்குள் போகிறது.

இப்போது மேலே பாருங்கள். மாஷாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், திருப்பிப் போட்டது. இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மனிதர்களை விடப் பார்க்கிறது. இவள் மனிதர்களைக் காப்பாற்றவேண்டும் என்றால் போகாமல் மேலேயே இருக்கவேண்டும், மனசு போ போ என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம். கோர்மன் ஆட்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்தார்கள். டொமெர்க் பாவம், தன் அறையில் உட்கார்ந்து ரேடியோவில் பேசுகிறார். மிதக்கக்கூட இல்லை.

தேன்மொழி:

இந்த இழையில் மாஷாவுக்கு இத்தனை வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், அதனால் நான் அரசுத்தரப்பு.

கப்பலில் இருப்பது ஒரே பெண். மற்ற எல்லாரும் கோளைச் சுற்றிப் பார்க்கிறார்கள், டைனோசரின் வாலில் குத்தி ரத்த மாதிரி எடுக்கிறார்கள், கடலுக்கடியில் மாணிக்கக் கண் வைத்த சிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தது காத்திருக்கிற வேலை. அதிலும் அவள் கட்டளையை மீறிவிடுவாளோ என்று கீழே இருக்கிற ஆண்களுக்குச் சந்தேகம், பெண்ணென்றால் உணர்ச்சிவசப்படுவாள் என்ற பழைய பாட்டு. ஃபூர்த்செவா சொன்னதை நாம் எல்லாரும் கிண்டலாக எடுத்துக்கொள்கிறோம். அந்த அம்மா ஆண்கள் நிறைந்த மேல்மட்டத்தில் அமைச்சராக உட்கார்ந்திருந்தவர். திரையில் விண்வெளிக்குப் போகும் ஒரே பெண்ணை அழவைக்கிறார்களே என்று அவருக்கு எரிச்சல் வந்திருந்தால் எனக்குப் புரிகிறது. அடுத்த வருடம் ஜூனில் முதல் பெண் விண்வெளி வீரர் தெரஷ்கோவா நிஜமாகவே போய்விட்டு வந்தார்.

பழையரீல்:

அக்கா, காத்திருக்கிற வேலை என்று ஏன் சிறிதாக்குகிறீர்கள்? மற்றவர்களுக்கு வேலை தைரியம் மட்டும்தான். சுடு, ஓடு, முங்கு. முடிவெடுக்கிற பொறுப்பு அவள் ஒருத்திக்குத்தான். கடைசிவரை சரியாகவும் இருக்கிறாள். சந்தேகப்பட்ட ஆண்கள்தான் தப்பு.

தேன்மொழி:

சரியாக இருந்தாள், ஆனால் சரியாக இருப்பதற்கு அவளை அழவைத்துத்தான் காட்டவேண்டுமா? அதே நிலையில் ஓர் ஆண் இருந்தால் தாடையை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார், நாமும் "என்ன நிதானம்" என்போம். காட்சி நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது, கியூன்னா இக்னாத்தோவா நன்றாகவே செய்திருக்கிறார். என் சண்டை எழுத்தோடுதான். இதில் நீங்கள் என்னை மாற்ற முடியாது, நானும் உங்களை மாற்றப் போவதில்லை.

மௌனசாட்சி:

இழையைக் கொஞ்சம் திருப்பட்டுமா? சிரியஸில் வரும் பொறியாளர் போப்ரோவ் பாத்திரத்தைக் கவனித்தீர்களா? கலகலப்பான ஆள், ஆபத்திலும் பதறாதவர். நடித்தவர் கியோர்கி ஜ்ஜோனோவ். அவரை 1938-ல் கைதுசெய்து கோலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். 1945-ல் வெளியே வந்தார், 1949-ல் மறுபடி பிடித்து நோரில்ஸ்க்கில் நாடுகடத்தலில் வைத்தார்கள். ஸ்டாலின் இறந்தபிறகுதான் விடுதலை, 1955-ல்தான் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு. அண்ணன் போரிஸ் முகாமிலேயே இறந்துபோனார்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் கூடாரம், காய்ச்சல், குடிதண்ணீர் என்று வருகிற காட்சிகள் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. மற்ற நடிகர்கள் களைப்பை நடிக்கிறார்கள். இவர் நடிக்கவே இல்லை, சும்மா உட்காருகிறார். அவ்வளவு சிக்கனம். எதிர்காலம் பிரகாசமானது என்று சொல்லும் ஒரு படத்தில் அந்த முகத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்களோ.

நெல்லைத்தம்பி:

இது தெரியாமல் போப்ரோவ்தான் எனக்குப் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சரி, குதிக்கும் பல்லியை மன்னிக்கிறேன். ஆனால் முடிவு? அந்த இளைஞன் அல்யோஷா கையிலிருந்த கல்லைத் தரையில் அடிக்க, மேல் ஓடு உடைந்து உள்ளே ஒரு பெண் முகம். "அவர்கள் நம்மைப்போலவே இருக்கிறார்கள்" என்று கத்துகிறான், வெள்ளம் ஏறுகிறது, கப்பல் கிளம்பிவிடுகிறது. அப்புறம் தண்ணீரில் வெள்ளை உடுப்பில் ஓர் உருவத்தின் பிரதிபலிப்பு. படம் முழுக்க ஒரு பெண் குரல் தூரத்தில் பாடிக்கொண்டிருந்ததே, அது இவள்தானா? ஏன் நேரில் காட்டவில்லை, பணம் தீர்ந்துவிட்டதா?

செல்லுலாய்டு_செல்வம்:

காட்டியிருந்தால் இன்னொரு ரப்பர் உடை வந்திருக்கும் தம்பி! தண்ணீரில் தலைகீழாகக் காட்டியதால் தப்பித்தார். போக்டனோவிச் பாறைமேல் உட்காரவைத்துக் காட்டினாரே, முடிவு என்ன ஆனது பார்த்தீர்கள் அல்லவா.

பி_கிரேடு_பித்தன்:

மறுபடி என் பெண்கள்மேல் கைவைக்கிறீர்கள். அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருக்கிறார்கள், யாருக்கு என்ன கஷ்டம்?

தமிழ்க்குப்ரிக்:

ஒரு கேள்வி. கோர்மன் இதே மாதிரி வேறு சோவியத் படங்களையும் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். எவை?

பழையரீல்:

'வானம் அழைக்கிறது', 1959, கீவ் நகரின் தோவ்ஷென்கோ ஸ்டூடியோ. ரஷ்யக் கப்பலும் அமெரிக்கக் கப்பலும் செவ்வாய்க்குப் போட்டி போடும் கதை. அவசரப்பட்டு மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களைக் காப்பாற்றப் போய் ரஷ்யர்கள் தங்கள் பயணத்தையே கைவிடுகிறார்கள். கோர்மன் இதைப் படிப்பை முடித்திராத ஓர் இளைஞனிடம் கொடுத்து அரசியலை உருவச் சொன்னார். இளைஞன் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. அவர் ரஷ்யா, அமெரிக்கா இரண்டையும் எடுத்துவிட்டு வடகோளம், தென்கோளம் என்று மாற்றி, நடுவில் இரண்டு அசிங்கமான ஜந்துக்களைச் சண்டைபோட விட்டார். 1962-ல் வெளியானது.

மூலத்தின் கடைசியில் ஒரு காட்சி உண்டு, கப்பல் கடலில் மிதக்கும் மேடையில் நிமிர்ந்த வாக்கில் வந்து இறங்கும். இப்போது ராக்கெட்டின் முதல் கட்டம் நிஜமாகவே அப்படி இறங்குவதைப் பார்த்த கண்ணோடு அதைப் பாருங்கள், வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

பார்க்கும் வரிசை கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு இங்கேயே பதில்: முதலில் 'விண்மீன்களுக்குப் பாதை', அப்புறம் 'புயல்களின் கோள்' ரஷ்ய மூலம் சப்டைட்டிலோடு, நேரம் இருந்தால் 'வானம் அழைக்கிறது'. மூன்றும் முடிந்தபிறகு பித்தரின் பாறைப் பெண்களிடம் போங்கள். தேன்மொழி அக்கா கேட்ட தாடை இறுக்கும் ஆணை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், யாராவது உதாரணம் வைத்திருந்தால் போடுங்கள்.

தேன்மொழி:

சோலாரிஸின் நாயகன் கெல்வின். நீங்கள் ஓடிவந்த இழைக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.